மூன்று மணி நேரம் நின்றவன்

கணுக்காலோடு போன இடது பாதத்துக்கு அரசாங்கம் வைத்திருந்த விலை நாற்பத்திரண்டாயிரம். வலது பாதம் என்றாலும் அதே விலைதான். கட்டைவிரல் மட்டும் போயிருந்தால் ஏழாயிரம். மற்ற விரல்களுக்குத் தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றில் எல்லாம் வரிசையாக அச்சாகியிருந்தது. கடல் தாண்டிச் சண்டைக்குப் போய் முழுதாகத் திரும்பாதவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி இலவசம்.

செருப்புக் கடைக்காரர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது, விலைப்பட்டியல் கையில் கிடைத்த எந்த வியாபாரியும் செய்வதைத்தான் செய்தார். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பொடி எழுத்தைப் படித்தார். சரக்கு அங்கேதான் இருந்தது. ஊனம் நூற்றுக்கு அறுபது அல்லது அதற்கு மேல் என்று தீர்மானமானால், உயிர் இருக்கும்வரை மாதம் ஆறாயிரம். அறுபதுக்கு ஒன்று குறைந்தாலும் நாற்பத்திரண்டாயிரத்தை ஒரே தடவையில் கையில் கொடுத்து, நன்றி சொல்லி, கதவைச் சாத்திவிடுவார்கள்.

கால் போனது அவருடைய மச்சினனுக்கு, மனைவியின் கூடப்பிறந்த தம்பிக்கு. ராணுவ மருத்துவர் போட்டிருந்தது அறுபத்தைந்து. பையனுக்கு வயது முப்பத்தொன்று. எழுபது வரை இருப்பான் என்று வைத்துக் கடைக்காரர் மனதுக்குள்ளேயே பெருக்கினார். இருபத்தெட்டு லட்சத்துக்கும் மேலே வந்தது.

"மாப்ள, விட்டுடாத. இது நல்ல யாவாரம்" என்றார்.

மச்சினன் சிரித்தான். "சரக்கு ஏற்கெனவே போயிடுச்சு மாமா. இனிமே யாவாரம் ஆனா என்ன, ஆகாட்டி என்ன?"

சந்தைத் தெருவில் கடைக்காரருக்கு 'ஒரேவிலை' என்று பெயர். 'ஒரே விலை, பேரம் இல்லை' என்று கடை வாசலில் பெரிய பலகை மாட்டியிருந்தார். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, வாழ்நாளில் ஒரு ஜோடியைக்கூடச் சொன்ன விலைக்கு விற்றதில்லை. பலகை எழுதியவனுக்கே பேசிய கூலியில் பாதிதான் கொடுத்தார் என்று எதிர்க்கடைக் குடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மகிழ்வார்.

படை கப்பல் ஏறிய அன்று அந்தத் தெரு முழுக்கக் கொடி. சண்டை யாருக்கும் யாருக்கும் என்பதை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும் வாழ்த்துவதில் எல்லோரும் ஒரே குரல். குடைக்காரர் கொடி நிறத்தில் குடை தைத்து இருநூறு விற்றார். வியாபாரிகள் சங்கம் வீரர்களுக்கு அன்பளிப்புப் பெட்டிகள் அனுப்பியது. ஒரேவிலை பன்னிரண்டு டஜன் ரப்பர் செருப்பு கொடுத்து மேடையில் மாலை வாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாக நகராத ஐந்தாம் நம்பர் சரக்கு அது. பரணிலும் இடம் கிடைத்தது.

பதினாறு மாதம் கழித்துக் கப்பல் திரும்பியபோது கொடி இல்லை. இந்தச் சண்டை எதற்கு, எவ்வளவு செலவு என்று மக்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களை நெருங்க முடியாததால், திரும்பி வந்தவர்களைப் பார்க்காமல் இருந்துவிட்டார்கள். அக்காக்காரி மட்டும் துறைமுகத்துக்குப் போய், ஒரு பையும் ஒரு கக்கத்துக் கட்டையுமாக நின்றவனை வாடகை வண்டியில் கூட்டி வந்தாள்.

"பெட்டியெல்லாம் வந்துச்சா மாப்ள? நம்ம செருப்பு?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார் கடைக்காரர். வாய் சும்மா இருக்காது.

"வந்துச்சு மாமா. எல்லாம் அஞ்சாம் நம்பர். எங்க முகாம்ல அஞ்சாம் நம்பர் கால் ஒருத்தனுக்கும் இல்ல. சமையல்காரர் அடுப்பு மூட்ட வெச்சுக்கிட்டார். நல்லா எரிஞ்சுது."

வீரர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும் அரசாங்கத்துக்கு உறைத்தது. உடனே திட்டம் போட்டது. அது வீரர்களுக்கான திட்டம் இல்லை, அவர்களை ஆதரிக்கும் கடைகளுக்கான திட்டம். முன்னாள் வீரரைக் கடையில் வைத்திருப்பவர்களுக்குப் 'படைவீரர் நண்பன்' என்று பித்தளைப் பலகை, ஒரு வருஷத்து உரிமக் கட்டணம் தள்ளுபடி. ஒரேவிலைக்கு அந்தக் கட்டணம் பதினெட்டாயிரம்.

செயற்கைப் பாதம் பொருத்தி இரண்டு மாதம்கூட ஆகாத மச்சினனைக் கடைக்கு அழைத்துவந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார். பலகை வந்தது. பலகையோடு ஒரு யோசனையும் வந்தது. படம் எடுப்பவரைக் கூப்பிட்டு, முக்காலியை ஓரம் தள்ளி, புதுக் காலணி மாட்டி, மச்சினனை வாசலில் நிற்கவைத்தார். நாலு நிமிடம். நாலாவது நிமிடத்தில் அவன் பல்லைக் கடித்ததைப் படக்காரர் புன்னகை என்று எடுத்துக்கொண்டார். மறுவாரம் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு விளம்பரம்: 'போரில் பாதம் இழந்த வீரர், எங்கள் காலணியில் தினம் எட்டு மணி நேரம் நிற்கிறார்! உங்களால் முடியாதா?'

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பார்க்காமல் இருந்த ஜனங்களெல்லாம் பார்க்க வந்தார்கள். காசு கொடுத்துப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. ஒவ்வொருவருக்கும் மச்சினன் முக்காலியிலிருந்து எழுந்து கை கொடுப்பான், உட்காருவான். வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளமா என்று கடைக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாலையில் அக்காக்காரி அவன் கால் உறையை அலசும்போது வாளித் தண்ணீர் சிவக்கும். அவள் அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிப்பாள்.

நாலு மாதம் இப்படிப் போனது. அப்புறம்தான் கடிதம் வந்தது. ஊன விகிதத்தை இறுதி செய்ய விசாரணை. வரும்போது கூடவே வசிக்கும் ஒருவரைக் குடும்பச் சாட்சியாக அழைத்துவரவும்.

"நீங்களே போங்க" என்றாள் மனைவி. "உங்களவிட யாரு பேசுவா? தம்பிக்கு வாயே கிடையாது. ஏங்க, அறுபத்தஞ்ச எழுபதாக்கிக் கொண்டாந்திருங்க."

"எழுபத்தஞ்சுல ஆரம்பிக்கிறேன். எழுபதுல நிப்பாங்க" என்றார் அவர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காயம்பட்டோர் உதவிப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. ஏறி முடித்ததும் காவலாளி பதிவேட்டில் 'படியேறி வந்தார்' என்று எழுதிக்கொண்டார். நாலாம் நம்பர் மேசையில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. கடைக்காரர் உட்காரும்போதே மேசைக்கடியில் பார்வையை ஓட்டினார். ஆளை எடைபோட அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, செருப்பைத்தான். பழுப்பு நிறம், ஆறாம் நம்பர், இரண்டு முறை அடி மாற்றியது, குதி வெளிப்பக்கம் தேய்ந்தது. பேருந்தில் நின்று வருகிறவள், யாரிடமும் கை நீட்டாதவள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொண்டுவந்திருந்த புதுச் செருப்புப் பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"குடும்பச் சாட்சி யாரு?"

"நான்தாங்க மேடம். இவன் அக்காவைக் கட்டியிருக்கேன்."

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதிகாரி கை காட்டினார். "உங்கள அப்பறம் கேக்கறேன். உண்மையச் சொன்னா, இந்தப் படிவத்துல விண்ணப்பதாரர் தன்னப் பத்திச் சொல்றதுக்குக் கட்டமே கிடையாது. சாட்சி சொல்றதுதான்."

பிறகு கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். விளம்பரம். கத்தரித்து, ஒட்டி, முத்திரை குத்தி, எண் போட்டிருந்தார்கள்.

"மருத்துவர் அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாதுன்னு எழுதியிருக்கார். நீங்க எட்டு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. எது சரி?"

"மேடம், விளம்பரம்னா கொஞ்சம் கூட இருக்கத்தானே செய்யும்?"

"எவ்வளவு கூட?"

உண்மை நாலு நிமிடம். அது கடைக்காரருக்குத் தெரியும். முக்காலியைத் தள்ளியது அவர் கைதான். ஆனால் முதல் வார்த்தையிலேயே உள்ள விலையைச் சொல்வது என்பது அவர் பரம்பரையில் கிடையாது. உள்ளதைச் சொல்லிவிட்டால் எதிராளி அதிலிருந்தல்லவா இழுக்க ஆரம்பிப்பான்? எட்டைப் பாதியாக்கினால், அந்தம்மா இரண்டு என்பார். இவர் ஒன்று என்பார். கடைசியில் அரை மணி நேரத்தில் முடியும், மருத்துவர் சொன்னதும் அதுதான். ஓரளவு நின்றதாகவும் இருக்கும், பித்தளைப் பலகையும் பிழைக்கும்.

"நாலு மணி நேரம்னு போட்டுக்கோங்க" என்றார்.

அதிகாரி எழுதினார். எதிர்விலை சொல்லவில்லை. எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்து, "நாலா?" என்றார்.

அதைக் கடைக்காரர் பேரம் என்று எடுத்துக்கொண்டார். "சரி, உங்களுக்காக மூணு."

நாலை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார் அதிகாரி. ஓர் அட்டவணையைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னா பத்து கழியும். அம்பத்தஞ்சு. இங்க கையெழுத்துப் போடுங்க."

கடைக்காரருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. "மேடம், மேடம், இருங்க. ரெண்டுக்குக் கீழ போடுங்க. ஒண்ணு. சரி, அரைன்னே வெச்சுக்கோங்க!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "சார், இது கடையா? நீங்க சொல்லச் சொல்ல நான் குறைச்சுக்கிட்டே வர்றதுக்கு? சொன்னது தப்புன்னா, வெள்ளைத்தாள் தர்றேன். விளம்பரம் பொய், இப்ப சொன்னதும் பொய், இவர் உண்மையில இவ்வளவு நேரந்தான் நின்னார்னு எழுதிக் குடுங்க. இதெல்லாத்தையும் எடுத்துட்டு அறுபத்தஞ்சு போட்டுடறேன். ஆனா பிரதி ஒண்ணு நகராட்சிக்குப் போகும். பலகை, கட்டணத் தள்ளுபடி எல்லாம் அவங்க பாத்துப்பாங்க."

வெள்ளைத்தாள் மேசைக்கு வந்தது. கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாயிரம். குடைக்காரரின் நாக்கு. 'ஒரேவிலை பொய் விலை' என்று தெரு முழுக்கச் சிரிக்கும். பதினெட்டாயிரத்தைவிட இருபத்தெட்டு லட்சம் பெரிது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அது மச்சினனுடைய இருபத்தெட்டு லட்சம். பதினெட்டாயிரம் அவருடையது.

மச்சினன் திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு சன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

"இருக்கட்டும் மேடம்" என்றார் கடைக்காரர். "மேல்முறையீட்டுல பாத்துக்கலாம்." மூன்று மணி நேரத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது மச்சினன் ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்கினான். இரண்டாவது மாடியில் நின்றான்.

"மாமா, அந்தப் பித்தளைப் பலகைக்கு எவ்வளவு?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

"பதினெட்டு."

"ம்." இன்னும் இரண்டு படி இறங்கினான். "அப்ப என் கால் தேவல."

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கடைக்காரர் வாயைத் திறக்கும் முன் மச்சினன் சொல்லிவிட்டான்: "மாமா நல்லாத்தான் பேசினாருக்கா. அவங்கதான் கேக்கல. அம்பத்தஞ்சுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் எவ்வளவு தூரந்தான் போராடுவீங்க?" என்று கணவர் தட்டில் இன்னொரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். அந்தக் கரண்டிச் சோற்றை அவரால் விழுங்கவும் முடியவில்லை, மிச்சம் வைக்கவும் முடியவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் கடை திறந்ததும் ஓர் அம்மாள் வந்தார், விளம்பரம் பார்த்து வந்தவர். மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு மணி நேரம் நிக்கிறீங்களாமே தம்பி!" என்றார்.

"இல்லம்மா, மூணு மணி நேரந்தான். ஆபீஸ்ல எழுதியிருக்கு" என்றான் மச்சினன். அம்மாள் போன பிறகு அவன் உட்காரவில்லை. முக்காலியைக் காலால் ஓரம் தள்ளி, கடை நடுவே வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றான். பத்து மணி.

"உக்காரு மாப்ள."

"இருக்கட்டும் மாமா. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அது பொய்யாயிடக் கூடாதுல்ல?"

கடைக்காரர் சிரித்துப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார், நின்றபடியே குடித்தான். கூட்டம் சேர்ந்தது. விஷயம் தெரியாத ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அன்று காலையில் மட்டும் பதினோரு ஜோடி விற்றது. ஒவ்வொரு ஜோடிக்கும் பில் போடும்போது கடைக்காரரின் கண் தானாக அந்த இடது காலுக்குப் போனது. பதினோரு மணிக்கு உறையின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. பதினொன்றரைக்கு அது உள்ளங்கை அளவு. மச்சினன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவன் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாப்ள, போதும்டா."

"இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கு."

அதற்கும் இரண்டு நிமிடம் கழித்துக் கடைக்காரர் கல்லாவிலிருந்து திருப்புளியை எடுத்தார். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, வாசல் நிலையில் இருந்த பித்தளைப் பலகையின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது.

எதிர்க்கடையிலிருந்து குடைக்காரர் குரல் கொடுத்தார். "என்ன ஒரேவிலை, பாலிஷ் போடவா?"

"இல்ல. திருப்பிக் குடுக்க."

"ஏன், கட்டணத்த ரெண்டு வருஷத்துக்குக் கேக்கப் போறியா?"

கூட்டம் சிரித்தது. கடைக்காரர் முக்காலி மேல் நின்றபடியே திரும்பினார். தெரு முழுக்கத் தெரியும் உயரம். "இவன் எட்டு மணி நேரமெல்லாம் நிக்கல. நாலு நிமிஷம் நின்னான், படம் எடுக்க. நான்தான் பொய்யா போட்டேன். நேத்து ஆபீஸ்லயும் பொய் சொன்னேன். அதனால இவனுக்கு மாசப் பணம் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. குடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் கடைக்காரருக்குத் தாங்கவில்லை. பெட்டியைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக, மச்சினனைப் பார்க்காமலேயே போனார்கள்.

கடைக்காரர் இறங்கி முக்காலியை மச்சினனிடம் நகர்த்தினார். அவன் உட்கார்ந்தான். மணி பதினொன்று ஐம்பது.

பலகையைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு அவர் மூன்று மாடி ஏறினார். அதே மேசை. வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, விளம்பரம் பொய், மூன்று மணி நேரமும் பொய் என்று எழுதினார். அதிகாரி முழுதும் படித்தார்.

"இத நேத்து எழுதியிருந்தா அறுபத்தஞ்சு போட்டிருப்பேன்" என்றார். "காலையிலதான் கோப்பு மேல போச்சு. இப்ப ஒரே சாட்சி ரெண்டு நாள்ல ரெண்டு விதமா சொன்ன மாதிரி ஆகுது. அடுத்த மருத்துவக் குழு ஒரு வருஷம் கழிச்சு. அதுல வைக்கலாம். ஏத்துப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது. அதுவரைக்கும் அம்பத்தஞ்சுதான்."

"மேடம், ஏதாவது..." என்று ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் சொல்ல ஓர் எதிர்விலை இல்லை.

பத்து நாளில் நகராட்சியிலிருந்து சீட்டு வந்தது: கட்டணம் பதினெட்டாயிரம், பொய் விளம்பரத்துக்கு அபராதம் ஐந்தாயிரம். அதைக் கட்டிவிட்டு வந்த மதியம், ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில், ஒரு செருப்புப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் கணக்கு எழுதினார். மச்சினன் வந்ததிலிருந்து கிடைத்த கூடுதல் லாபம் அறுபத்தோராயிரம். தள்ளுபடி பதினெட்டு. ஆக எழுபத்தொன்பது. கழிவு: விளம்பரச் செலவு நாலு, திருப்பிக் கட்டியது பதினெட்டு, அபராதம் ஐந்து. மீதி ஐம்பத்திரண்டாயிரம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. அந்தப் பாதத்தில் அதைக் கொடுத்தவனைவிட அவருக்குப் பத்தாயிரம் அதிகம் கிடைத்திருந்தது.

இருபத்தெட்டு லட்சத்தை அவர் எழுதவில்லை. மூடியில் இடம் இருந்தது, கை வரவில்லை.

மூடியை மச்சினன் மடியில் வைத்தார். "பாத்துக்க மாப்ள. இது உன்னுது. தவணையில குடுத்துடறேன்."

அவன் மேலிருந்து கீழ்வரை படித்தான். "ஒரே விலையா மாமா?"

"ஒரே விலை."

"அப்ப ஒரு வரி விட்டுட்டீங்க." பென்சிலை வாங்கிக்கொண்டான். "எழுதிக் குடுத்தது மூணு மணி. படத்துக்கு நின்னது நாலு நிமிஷம், அன்னிக்குக் கடையில ஒண்ணு அம்பது. கை குடுக்க எழுந்ததெல்லாம் கொசுறு, விட்டுடலாம். உறவுக்காரங்க." எழுதி முடித்து மூடியை அவரிடம் நீட்டினான். கட்டையை எடுத்துக்கொண்டான். "நாளையிலேருந்து கடைக்கு வரல மாமா. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அவன் தெருவைத் தாண்டும்வரை கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முக்காலி காலியாக இருந்தது. அதில் உட்காராமல், நின்றபடியே மூடியைப் படித்தார். அவருடைய எழுத்துக்குக் கீழே அவனுடைய எழுத்து:

மீதி தர வேண்டியது: ஐம்பத்திரண்டாயிரம்.
எழுதிக்கொடுத்தது: மூன்று மணி.
நின்றது: ஒரு மணி ஐம்பத்து நான்கு நிமிடம்.
பாக்கி: ஒரு மணி ஆறு நிமிடம்.